கமரா, மரபணு, கணினி: பொலிஸ் நிலையமும் நீதிமன்றமும் மாறும் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் முறைப்பாடு, வழக்கு என்று அலைகிறவர்களுக்குத் துணையாகப் போய் வருவது பல வருடமாக நான் செய்யும் வேலை. கடிதம் எழுதிக் கொடுப்பேன், படிவம் நிரப்பிக் கொடுப்பேன், நீதிமன்ற வளவுக்குள் பெயர் கூப்பிடும்வரை கூட இருப்பேன். நான் சட்டத்தரணி இல்லை. முன்பு "பொலிஸ் முறைப்பாட்டை எடுக்கவில்லை, என்ன செய்யலாம்?" என்பதுதான் வழக்கமான கேள்வி. இப்போது கமரா, போன் பதிவு, முக அடையாளம், மரபணு என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொன்னதை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். உங்கள் வழக்கில் என்ன செய்வது என்பதை உங்கள் சட்டத்தரணியிடமே கேளுங்கள்.

கமராவில் முகம் பட்டால் கணினியே ஆளைக் கண்டுபிடித்துவிடுமாமே, உண்மையா?

கணினி ஆளைக் கண்டுபிடிப்பதில்லை, ஒத்த முகங்களைக் காட்டுகிறது. முகத்தின் அமைப்பை அது ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றிக்கொள்ளும். பிறகு தன்னிடமுள்ள படங்களில் எது இதற்குக் கிட்ட வருகிறது என்று பார்த்து, புள்ளி கூடியவர்களை வரிசையாகத் தரும். உண்மையான ஆளின் படம் அந்தத் தொகுப்பிலேயே இல்லாதபோதும் யாரோ ஒருவர் முதலாவதாக வந்து நிற்கலாம். ஆபத்து அங்கேதான்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2020 ஜனவரியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரைக் கைக்கடிகாரத் திருட்டொன்றுக்காக, மனைவியும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நிற்க, வீட்டு வாசலில் வைத்துக் கைது செய்தார்கள். கடைக் கமராவின் மங்கலான படத்தைக் கணினியில் போட்டதும் வந்தது அவருடைய படம். திருடியவர் அவரில்லை. ஏறத்தாழ 30 மணி நேரம் அடைத்து வைத்த பிறகுதான் விட்டார்கள். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2019இல் 189 மென்பொருள்களைச் சோதித்தது. ஆசிய, ஆபிரிக்க முகங்களைப் பிழையாகப் பொருத்தும் விகிதம் பல மென்பொருள்களில் வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்குவரை கூடுதலாக இருந்தது.

எங்கள் ஊரில் இதை விளங்கப்படுத்த அதிகம் பேசத் தேவையில்லை. இராணுவச் சுற்றிவளைப்புக் காலத்தில், ஆட்களைக் காட்டிக்கொடுக்க நிறுத்தப்பட்ட தலையாட்டியின் முன்னால் வரிசையில் நடந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். முகத்தை மூடியிருக்கும் அந்த ஆளின் கண்கள் மட்டும் தெரியும். தலை அசைந்தால் ஒரு பக்கம், அசையாவிட்டால் மற்றப் பக்கம். "ஏன் தலையாட்டினாய்?" என்று அந்த ஆளிடம் யாராலும் கேட்க முடிந்ததில்லை.

முக அடையாள மென்பொருளைப் பற்றி நான் முதலில் கேட்கச் சொல்வதும் அதைத்தான். எந்தப் படத்தை உள்ளே போட்டார்கள், எத்தனை புள்ளி வந்தது, இரண்டாவது மூன்றாவது இடத்தில் யார் யார் வந்தார்கள், இதைத் தவிர வேறு சாட்சியம் என்ன இருக்கிறது என்று வழக்கில் கேட்க வழி இருக்க வேண்டும். அந்த வழி இல்லாவிட்டால் அது தலையாட்டிதான்.

இதெல்லாம் இலங்கைக்கு வந்துவிட்டதா?

பகுதி பகுதியாக வருகிறது. கொழும்பில் 2024 ஜனவரி 22 முதல் வீதிக் கமராவைப் பார்த்தே போக்குவரத்துக் குற்றங்களுக்கு நடவடிக்கை எடுக்கத் தொடங்கினார்கள். புதிய டிஜிட்டல் அடையாள அட்டைக்காக முகம், கைரேகை, கருவிழி மூன்றையும் பதிவதற்குத் திட்டம் இருக்கிறது. கடல் தாண்டினால், தமிழ்நாட்டுக் காவல்துறை 2021இலேயே முக அடையாள மென்பொருளைக் கையில் எடுத்துவிட்டது.

எனக்குக் கவலை தருவது அடையாள அட்டைக்காகக் கொடுத்த முகம் வேறொரு வேலைக்குப் போய்ச் சேர்வதுதான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்காக எடுத்த தகவலை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்ற அடிப்படையில் எழுதப்பட்டது. ஆனால் குற்ற விசாரணை, தேசிய பாதுகாப்பு போன்றவற்றுக்கு விதிவிலக்குக் கொடுக்கவும் அதில் இடமுண்டு. அந்த வாசல் எவ்வளவு அகலமாகத் திறக்கப்போகிறது என்பதை வடக்கில் இருக்கிற நாங்கள் மற்றவர்களைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

நினைவேந்தலுக்கோ போராட்டத்துக்கோ போனால் என் முகம் பதிவாகுமா?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் நிற்கும் இடங்களில் புலனாய்வாளர்கள் படம் எடுப்பது புதிதில்லை. ஐ.நா. அறிக்கைகளிலும் வந்திருக்கிறது. முன்பு அந்தப் படத்தில் இருக்கும் 200 பேரை யாராவது ஒருவர் உட்கார்ந்து பெயர் சொல்லித்தான் அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. மென்பொருளுக்கு அது சில நிமிட வேலை. பத்து வருடத்துக்கு முந்திய படத்தையும் இன்று போட்டுப் பார்க்கலாம். அதனால் கேள்வி "கமரா இருக்கிறதா?" என்பதோடு நிற்கக் கூடாது. எத்தனை காலம் வைத்திருப்பார்கள், யார் பார்க்கலாம் என்பதையும் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பொது அதிகாரசபை எதனிடமும் எழுத்தில் இதைக் கேட்கலாம். தமிழில் எழுதினாலே போதும். எல்லாவற்றுக்கும் பதில் வராது. கேட்டதற்குப் பதிவு இருக்கும், மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

என் கடைக் கமராப் பதிவை பொலிஸ் கேட்கிறது. கொடுக்கலாமா?

வாள்வெட்டோ விபத்தோ சங்கிலி அறுப்போ, இன்று முதலில் தேடுவது பக்கத்துக் கடைக் கமராவைத்தான். கொடுங்கள். ஆனால் கொடுக்கும் முறையில்தான் அந்தப் பதிவு சாட்சியமாக நிற்பதும் விழுவதும் இருக்கிறது.

கொக்குவில் பக்கம் ஒரு சாமான் கடையில் நடந்தது. விபத்தின் பதிவில் நேரம் மாலை 5.12 என்று இருந்தது. வீதியில் ஆட்களின் நிழல் காலடியிலேயே குறுகிக் கிடந்தது. மாலையில் நிழல் அப்படி விழாது. மின்சாரம் போய் வந்தபோது பதிவுப் பெட்டியின் மணிக்கூடு பிழைத்துப்போய், கடைக்காரர் அதைத் திருத்தவேயில்லை. உண்மையான நேரம் மதியம் கழிந்து சில நிமிடம். அந்தப் பதிவு அப்படியே வழக்குக்குப் போயிருந்தால், மாலையில் அந்த வழியால் போன வேறொருவர் மாட்டியிருப்பார்.

ஆகவே கொடுப்பதற்கு முன்னால் பெட்டியின் திரையையும் சரியான நேரம் காட்டும் ஒரு போனையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். எத்தனை நிமிட வித்தியாசம் என்று எழுதுங்கள். திரையைப் போனால் வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவதோடு விடாதீர்கள், மூலப் பதிவைப் பென் டிரைவில் இறக்குங்கள், நீங்களும் ஒரு பிரதி வைத்திருங்கள். யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன கொடுத்தீர்கள் என்று எழுதி, வாங்கியவரின் கையெழுத்தைக் கேளுங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும் பெட்டிகள்தான் அனேகம். இரண்டு மூன்று வாரம் பிந்தினால் ஒன்றும் இருக்காது.

கணினிப் பதிவு என்றால் நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொள்ளுமா?

இல்லை. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி, இப்படியான பதிவையோ கணினிச் சாட்சியத்தையோ முன்வைக்க விரும்புபவர் விசாரணைத் திகதிக்கு 45 நாளுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு அந்தப் பதிவையும், அதை உண்டாக்கிய கருவியையும் பார்வையிடக் கேட்கலாம். இந்த உரிமையை நம் ஆட்களில் மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள் என்பது என் அனுபவம். உங்கள் சட்டத்தரணிக்கு ஞாபகப்படுத்துங்கள்.

கணினியை நம்பிக் கெட்ட கதைக்கு இங்கிலாந்துத் தபால் துறையைவிட வேறு உதாரணம் வேண்டாம். ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் பணம் குறைகிறது என்று காட்டியது. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட கிளைத் தபாலதிபர்கள் திருடர்கள் என்று தீர்க்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரை விட்டார்கள். பிழை மென்பொருளில் இருந்தது. கணினி ஒழுங்காக வேலை செய்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்பது அந்த நாட்டுச் சட்ட நிலைப்பாடு. பிழை என்று காட்ட வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர். கணினியின் உள்விபரமோ தபால் துறையின் கையில். கடைசியில் 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்தத் தீர்ப்புகளை அழித்தது.

சம்பவ இடத்தில் என் போன் இருந்ததாக டவர் பதிவு காட்டுகிறதாம். நான் அங்கே போகவேயில்லை.

போன் எந்தக் கோபுரத்தோடு இணைந்தது என்பதைத்தான் அந்தப் பதிவு காட்டும். நீங்கள் நின்ற இடத்தை அது காட்டாது. கஸ்தூரியார் வீதி போல நெருக்கமான இடத்தில் ஒரு கோபுரத்தின் எல்லை சிறியது. தீவுப் பக்கமும் வன்னியிலும் அது பல கிலோமீற்றர் விரியும். கடல்நீரேரிக் கரையில் நிற்கும்போது மறைக்க ஒன்றும் இல்லாததால் அக்கரைக் கோபுரத்தோடும் போன் இணையலாம். அந்தக் கோபுரத்தின் எல்லை வரைபடத்தைக் கேளுங்கள். உங்கள் பக்கத்தில் பஸ் டிக்கெட், கடைப் பற்றுச்சீட்டு, வங்கி அட்டைப் பதிவு என்று என்ன இருக்கிறதோ உடனே தேடி எடுங்கள்.

வாக்குமூலத்தை இனிக் கணினியே எழுதி மொழிபெயர்க்குமாமே? சிங்களப் பொலிசிடம் போகும் எங்களுக்கு அது நல்லதுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அது நியாயமானதுதான். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி, நீதிமன்ற மொழி என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. பொலிஸ் நிலையத்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் நிலைமை வேறு.

மொழி பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், தன்னால் வாசிக்க முடியாத சிங்கள மொழி ஒப்புதல் வாக்குமூலமொன்றில் அவரிடம் கைநாட்டு வாங்கினார்கள். அதை மட்டும் வைத்தே 50 வருடச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று சொன்னது. சாதாரண சட்டத்தில் பொலிசிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத அதிகாரி எடுத்தால் ஆகும். அது வற்புறுத்தி எடுக்கப்பட்டது என்று காட்டும் பாரம் சொன்னவர் தலையில்.

இனி இயந்திரம் என்ன செய்யும் என்று பார்ப்போம். எங்கள் பேச்சில் "அவர் என்னை வெருட்டினவர்" என்போம். "கொழுவினவர்" என்றால் சண்டைக்கு வந்தார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அகராதித் தமிழும் தமிழ்நாட்டுப் பேச்சும் கேட்டுப் பழகிய கருவி "கொழுவினவர்" என்பதை எதையோ மாட்டிவைத்தார் என்று எழுதினால், மிரட்டல் முறைப்பாடு அங்கேயே காணாமல் போய்விடும். பெண்கள் வெட்கப்பட்டுப் பூடகமாகச் சொல்வதை, "அவன் என்னோட பிழையா நடந்தவன்" என்பதை, எந்தக் கருவி சரியாக எடுக்கும்? மனித மொழிபெயர்ப்பாளரிடமாவது "அம்மா என்ன சொல்ல வாறா?" என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் இருக்கிறது.

ஆகவே கருவி வந்தால் வரட்டும், ஆனால் மூல ஒலிப்பதிவு அழியாமல் இருக்க வேண்டும். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வைக்காதீர்கள். அதைக் கருவி எழுதியிருந்தாலும் சார்ஜன் எழுதியிருந்தாலும் ஒன்றுதான்.

எல்லாப் புதிய கருவிகளிலும் நான் முதலில் கேட்பது மிகப் பழைய ஒன்றை: விசாரணை அறைக்குள் தொடக்கம் முதல் முடிவுவரை ஒளிப்பதிவு. இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சந்தேகநபரிடம் நடக்கும் விசாரணையை நாடாவில் பதிவது வழக்கமாகிவிட்டது. வீதிக்கெல்லாம் கமரா வாங்கப் பணம் இருக்கும் என்றால் அந்த அறைக்கும் ஒன்று வாங்கலாம்.

மரபணுப் பரிசோதனை நிரபராதியைக் காப்பாற்றுமா?

காப்பாற்றியிருக்கிறது. 2015இல் கொட்டதெனியாவையில் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்ட வழக்கில் முதலில் 17 வயது மாணவன் ஒருவன் பிடிபட்டான். மரபணு பொருந்தவில்லை. பிறகு பிடிபட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று பொலிஸ் சொன்னது. அவருடையதும் பொருந்தவில்லை. பொருந்தியது அவருடைய சகோதரனின் மரபணு. ஆய்வுகூடம் இல்லாவிட்டால் அந்த ஒப்புதல் வாக்குமூலமே முடிவாக இருந்திருக்கும். ஆனால் மாதிரி எடுக்கும் இடத்தில் கையுறை இல்லாமல் தொட்டாலோ, ஈரத் துணியைப் பொலித்தீன் பையில் கட்டினாலோ எந்த ஆய்வுகூடமும் ஒன்றும் செய்ய முடியாது. வன்முறைக்குள்ளானவர் குளிக்காமல், உடுப்பைத் தோய்க்காமல் போதனா வைத்தியசாலைக்குப் போய்ச் சட்ட வைத்திய அதிகாரியைப் பார்க்க வேண்டும். உடுப்பைக் கடதாசிப் பையில் வையுங்கள்.

யார் குற்றம் செய்வார் என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருள்?

குற்றம் எங்கே நடக்கும் என்று கணிக்கும் மென்பொருளொன்றை லொஸ் ஏஞ்சலிஸ் பொலிஸ் பல வருடம் வைத்திருந்து 2020இல் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒருவரின் குணவியல்பைக் கணித்து மட்டும் அவர் குற்றம் செய்வார் என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவு 2025 பெப்ரவரி முதல் தடை. பொலிஸ் எங்கே அதிகம் மறித்ததோ அங்கேதான் பதிவும் அதிகம். அந்தப் பதிவைப் படித்த கருவி திரும்பவும் அங்கேயே போகச் சொல்லும். சோதனைச் சாவடியோடு வளர்ந்த ஒரு சமூகத்தின் பழைய பதிவுகளைக் கொடுத்தால் அது என்ன படிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இது வேண்டவே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு.

என் படத்தை நிர்வாணப் படமாக மாற்றிப் பயமுறுத்துகிறார்கள். படம் பொய். என்ன செய்ய?

முதலில், பணம் அனுப்பாதீர்கள். கொடுத்தால் திரும்பக் கேட்பார்கள். கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். உரையாடல், இலக்கம், கணக்கின் இணைப்பு, திகதி எல்லாம் தெரிகிறமாதிரித் திரைப்பிடிப்பு எடுங்கள். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் (CERT) அமைப்பின் 101 இலக்கத்துக்குக் கதைக்கலாம், பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவில் முறைப்பாடு செய்யலாம். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்டொப் என்சிஐஐ (StopNCII.org) என்ற இலவச இணையச் சேவை உண்டு. படம் உங்கள் போனை விட்டுப் போகாது, அதன் எண் அடையாளம் மட்டும் போகும். அதை வைத்து பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்றவை அந்தப் படத்தைத் தடுக்கும். வீட்டாருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை வந்து சொன்னால் "நீ ஏன் படம் போட்டாய்?" என்று தொடங்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் பலர் வாய் திறப்பதில்லை.

செம்மணியில் எடுத்த எலும்புகளில் என் பிள்ளை இருக்கிறானா என்று கண்டுபிடிக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு அவசரமாக ஆம் என்று சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

1998இல், இராணுவத்தினரால் கொல்லப்பட்ட மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியின் வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய் சோமரத்ன ராஜபக்ஷ, செம்மணியில் 300 முதல் 400 பேர்வரை புதைக்கப்பட்டதாகச் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. பிறகு நீண்ட மௌனம். 2025 பெப்ரவரியில் செம்மணியிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குக் கிடங்கு வெட்டியபோது எலும்புகள் வெளிவந்தன. செப்டெம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன. குழந்தைகளுடையவையும் இருந்தன. ஒரு நீலப் புத்தகப் பை இருந்தது.

அங்கே தரையை ஊடுருவும் ராடரையும் கொண்டுவந்தார்கள். அது மண்ணுக்குள் வானொலி அலையை அனுப்பி, கிண்டிப் புரட்டிய மண் எங்கே என்று காட்டும். எலும்பைக் காட்டாது. செம்மணி வெளி கடல்நீரேரியை ஒட்டிய நிலம். உப்பும் ஈரமும் உள்ள மண்ணில் அந்த அலை சீக்கிரம் தளர்ந்துவிடும். ராடரில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் அங்கே ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது காலம். மன்னாரில் சதொச என்ற அரச விற்பனை நிலைய வளவில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுத்தார்கள். ஆறு மாதிரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 2019இல் வந்த காபன் காலக்கணிப்பு முடிவு அவை 1404ஆம் ஆண்டுக்கும் 1635ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்டவை என்றது. உறவினர்கள் அதை ஏற்கவில்லை. நூற்றுக்கணக்கான உடல்களில் ஆறு மாதிரி யாருடைய தெரிவு, எந்த ஆழத்தில் எடுத்தது என்ற கேள்விகள் நியாயமானவை. அண்மைக்கால எலும்புக்கு வேறொரு முறையும் உண்டு. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் காபன் 14 கூடியது. அதற்குப் பின் வாழ்ந்தவர்களின் உடலில் அந்த அடையாளம் இருக்கும். பல்லின் மிளிரியை, அதாவது கடினமான வெளிப்பூச்சை வைத்துப் பிறந்த காலத்தையே கிட்டத்தட்டச் சொல்லலாம்.

பிறகுதான் மரபணு. வெப்பமும் ஈரமும் எலும்பின் மரபணுவைச் சிதைக்கும். பல்லும் காதின் உள்பகுதியைச் சூழ்ந்துள்ள அடர்ந்த எலும்பும் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். எடுத்தாலும் ஒப்பிட உறவினரின் மாதிரி வேண்டும். தாய்வழி மரபணு அம்மாவிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். ஆகவே அம்மா, அவருடைய சகோதரர்கள், காணாமல் போனவரின் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் உதவலாம். ஆர்ஜென்டீனாவின் பாட்டிமார் காணாமல் போன பேரப்பிள்ளைகளைத் தேடிப் போராடி, 1987இல் அரச மரபணு வங்கியொன்றையே சட்டத்தால் உண்டாக்கினார்கள். பொஸ்னியாவில் ஸ்ரெபிரெனிட்சாவில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 8,000 பேரில் ஏறத்தாழ 7,000 பேருக்கு இந்த வழியில் பெயர் திரும்பக் கிடைத்தது.

இங்கே அம்மாமார் வயது போய் ஒவ்வொருவராக இறக்கிறார்கள். மாதிரியை இப்போதே எடுத்துப் பத்திரப்படுத்தாவிட்டால், எலும்பு இருக்கும், ஒப்பிட ஆள் இருக்காது. அந்த மாதிரியை யார் வைத்திருப்பது, பொலிசோ புலனாய்வோ வேறு தேவைக்குத் தொடாமல் எப்படிக் காப்பது என்பதை எழுத்தில் உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மாதிரி கொடுக்க நான் தயார். என்னிடம் அவனுடைய ஒரு பழைய படம்தான் இருக்கிறது. அதால் பயன் உண்டா?

உண்டு. பல் தெரியச் சிரிக்கும் படம் என்றால் இன்னும் நல்லது. பல் வரிசை, இடைவெளி, உடைந்த பல் எல்லாம் ஒப்பிட உதவும். படத்தை லமினேட் செய்யாதீர்கள், கழுவித் துடைக்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் அதைப் படம் எடுத்து இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். மூலத்தை யாரிடமும் கைவிடாதீர்கள், பிரதியைக் கொடுங்கள். பிறகு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: உயரம், எந்தக் கை பழக்கம், எப்போது கை கால் முறிந்தது, எந்த ஆஸ்பத்திரியில் பத்துப் போட்டது, பல் கட்டியது, கடைசியாக உடுத்த சேட்டின் நிறம், அதைத் தைத்த தையல்காரர் யார், இடுப்பிலோ கழுத்திலோ என்ன இருந்தது. எழுத முடியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் சொல்லிப் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஞாபகம் வரும்போதெல்லாம் சேர்த்துக்கொள்ளலாம்.